கடல் அல்லிப் புதைபடிவங்களைச் சேகரித்தலும் படமெடுத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஒஹாயோ, இந்தியானா, அயோவா, மிசௌரி மாநிலங்களில் கிரினாய்டு எனப்படும் கடல் அல்லிகளின் புதைபடிவங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அப்பகுதிகளில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்குவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. படமெடுத்தலைப் பற்றிய பகுதி சற்று நீளமானது. சேகரிக்க அனுமதி இல்லாத இடங்களிலும் படமெடுக்க முடியும் என்பதும், பாறையிலிருந்து பிரித்தெடுக்கும்போது அழிந்துபோகும் தகவல் பெரும்பாலும் படத்தில் மட்டுமே எஞ்சும் என்பதும் அதற்குக் காரணங்கள்.

கடல் அல்லி என்பது செடியா, விலங்கா?

விலங்குதான். நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் அடங்கிய முட்தோலிகள் தொகுதியைச் சேர்ந்தது. கடல் தரையில் ஊன்றிய ஒரு தண்டு, அதன் உச்சியில் உடல் உறுப்புகள் அடங்கிய ஒரு கிண்ணம், கிண்ணத்தின் விளிம்பிலிருந்து விரியும் கைகள் என்று அதன் உடல் அமைந்திருப்பதால் பார்வைக்குப் பூவைப் போலத் தோன்றுகிறது. நீரோட்டத்தில் மிதந்து வரும் நுண்ணிய உணவைக் கைகளால் வடிகட்டி உண்கிறது. இவ்வகுப்பின் புதைபடிவங்கள் ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஆர்டோவிசியன் காலத்திலிருந்தே கிடைக்கின்றன. சுமார் 35.9 கோடி முதல் 32.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலவிய மிசிசிப்பியன் காலத்தில் அவை பல்கிப் பெருகின. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பெர்மியன் காலத்தின் முடிவில் நிகழ்ந்த பேரழிவில் ஏறக்குறைய அற்றுப்போய், மிகச் சிலவற்றிலிருந்து மீண்டும் தழைத்தன. இன்று ஏறத்தாழ 600 இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தண்டில்லாத இறகு விண்மீன்கள். தண்டுள்ளவை ஆழ்கடலுக்கு ஒதுங்கிவிட்டன.

எங்கு பார்த்தாலும் சிறு வளையங்களே கிடைக்கின்றன. முழு உருவம் ஏன் கிடைப்பதில்லை?

கடல் அல்லியின் எலும்புக்கூடு ஒரே துண்டால் ஆனதன்று. நூற்றுக்கணக்கான, சில இனங்களில் பல்லாயிரக்கணக்கான கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) தகடுகள் மென்மையான தசைநார்களால் கட்டப்பட்டு அது உருவாகிறது. விலங்கு இறந்தபின் அந்த நார்கள் சில நாட்களிலேயே அழுகத் தொடங்குவதால், காசுகளை அடுக்கியது போலிருந்த தண்டு சரிந்து, வளையங்கள் நீரோட்டத்தில் சிதறுகின்றன. முழு உருவம் நிலைக்க வேண்டுமானால் விலங்கு உயிருடன் இருக்கும்போதோ, இறந்த சில நாட்களுக்குள்ளோ சேற்றுக்கடியில் புதைந்திருக்க வேண்டும். புயலின்போது சரிந்து வந்த சேற்றுப் படலங்களே பெரும்பாலும் அதைச் செய்தன. ஆகையால், முழு உருவத்தைத் தேடுவோர் முதலில் தேட வேண்டியது அத்தகைய சேற்றுப் படலத்தையே.

தொடக்கநிலையினர் எங்கே செல்லலாம்?

ஒஹாயோவில் வேய்ன்ஸ்வில் ஊரை ஒட்டிய சீசர் கிரீக் ஏரியின் உபரிநீர்க் கால்வாயை நான் முதலில் பரிந்துரைப்பேன். அங்கே சுமார் 45 கோடி ஆண்டுகள் பழமையான ஆர்டோவிசியன் கடல்தரை திறந்துகிடக்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியியல் படை அவ்விடத்தை நிர்வகிக்கிறது. பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டைப் பெற்றுக்கொண்டு கையால் பொறுக்கலாம். கருவிகளைப் பயன்படுத்தக்கூடாது, உள்ளங்கையை விடப் பெரியதை எடுத்துச் செல்லக்கூடாது, எடுத்ததை விற்கக்கூடாது. இந்தக் கட்டுப்பாடுகள் தொடக்கநிலையினருக்கு உண்மையில் நன்மையே செய்கின்றன: சுத்தியல் இல்லாதபோது கண் கூர்மையடைகிறது.

சின்சினாட்டி நகரை ஒட்டிய ஷாரன்வில்லில் டிராமெல் புதைபடிவப் பூங்காவும் இருக்கிறது. அங்கே மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் பாறைகள் வெளிப்பட்டிருப்பதால், எந்த அடுக்கில் எது கிடைக்கிறது என்பதைக் கற்றுக்கொள்வது எளிது. 1942 இல் சின்சினாட்டியில் தொடங்கப்பட்ட டிரை டிரெட்ஜர்ஸ் என்னும் ஆர்வலர் கழகத்துடன் களப்பயணம் செல்வது, தனியாகப் பல மாதங்கள் அலைவதை விடப் பயன் தரும். அங்குள்ள மூத்த உறுப்பினர்கள் ஒரு துண்டைப் பார்த்த மாத்திரத்தில் அதன் அடுக்கையும் சொல்லிவிடுவார்கள்.

இந்தியானாவின் கிராஃபோர்ட்ஸ்வில் பற்றி நிறையக் கேள்விப்படுகிறோம். அங்கே போய்ப் பொறுக்க முடியுமா?

பொதுவாக முடியாது. மான்ட்கோமரி மாவட்டத்தில் சுகர் கிரீக் ஓடையை ஒட்டிய படிவங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உலகப் புகழ் பெற்றவை. சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முந்திய சாம்பல் நிற வண்டற்பாறையில் தண்டு, கிண்ணம், கைகள், கைகளின் சிறுகிளைகள் வரை குலையாத உருவங்கள் அங்கே கிடைத்துள்ளன. உலகின் பெரிய அருங்காட்சியகங்களுள் பலவற்றில் அவற்றைக் காணலாம். ஆனால் அந்நிலங்கள் தனியாருக்குச் சொந்தமானவை. உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் நுழைவது அத்துமீறலாகும். ஓடையில் படகில் சென்றபடி கரையில் இறங்கி எடுத்துவரலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இடத்தைப் பொறுத்து மாறுகிறது. தேசியப் பூங்காக்களில் எதையும் எடுக்கக்கூடாது. கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகமும் வனத்துறையும் நிர்வகிக்கும் நிலங்களில், 2009 ஆம் ஆண்டின் தொல்லுயிர் வளப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொதுவாகக் காணப்படும் முதுகெலும்பற்ற உயிர்களின் படிவங்களைச் சொந்தப் பயன்பாட்டுக்காக, மிதமான அளவில், மின்விசையற்ற கைக்கருவிகளைக் கொண்டு எடுக்க இடமுண்டு. ஆயினும் அந்தந்த அலுவலகம் சில பகுதிகளை மூடிவைத்திருக்கலாம். மாநிலப் பூங்காக்களுக்குத் தனித்தனி விதிகள் உள்ளன. இந்தியானாவின் கிளார்க்ஸ்வில்லில் உள்ள ஃபால்ஸ் ஆஃப் தி ஒஹாயோ மாநிலப் பூங்காவில், ஆற்றுப்படுகையில் உள்ள, மிசிசிப்பியனுக்கு முந்திய டெவோனியன் காலப் பாறைகளிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்கக்கூடாது. நெடுஞ்சாலை ஓரத்துப் பாறை வெட்டுகளில் வண்டியை நிறுத்துவதே சில மாநிலங்களில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. தனியார் நிலமாயின் எழுத்துவழி ஒப்புதல் நல்லது. வாய்மொழி ஒப்புதல் அடுத்த தலைமுறைக்கு நினைவிருக்காது.

இங்கிலாந்தின் டார்செட் கடற்கரைக்குச் செல்பவர்கள் கவனிக்க வேண்டியது: சார்மத் பகுதியில் உதிர்ந்துகிடப்பதை எடுக்கலாம், பாறைமுகட்டில் பதிந்திருப்பதை ஒப்புதலின்றித் தோண்டக்கூடாது. அறிவியல் முக்கியத்துவம் உள்ளவற்றைச் சார்மத்தில் உள்ள கடற்கரை மரபு மையத்தில் பதிவுசெய்ய வேண்டும். வேறெங்கும் பின்பற்றத்தக்க ஏற்பாடு இது என்பது என் கருத்து.

களத்தில் எப்படித் தேட வேண்டும்?

நின்றபடி நடந்து தேடுவோர் பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்புகிறார்கள். முழந்தாளிட்டு, ஒரு சதுர மீட்டர் பரப்பை முழுமையாகப் பார்த்து முடித்தபின் நகர வேண்டும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது சிறு மேடுகளும் நிழல் வீசுவதால் வளையங்களின் விளிம்பு துலங்கும். மழைக்குப் பின்னும், குளிர்காலத்து உறைபனி உருகிய பின்னும், களிப்பாறை கரைந்து புதிய துண்டுகள் வெளிவந்திருக்கும்.

சின்சினாட்டிப் பகுதியில் சுண்ணாம்புக்கல் பலகைகளும் களிப்பாறைப் படலங்களும் மாறி மாறி அமைந்திருக்கின்றன. பலகைக்குள் இருப்பவை பெரும்பாலும் புயல் அலைகள் உருட்டிக் குவித்த உதிரி வளையங்கள். பலகையின் மேற்பரப்பில் களிப்பாறை ஒட்டிக்கொண்டிருக்கும் இடமே உற்றுப் பார்க்கத்தக்கது, ஏனெனில் அக்கடல்தரையில் வாழ்ந்தவற்றைச் சேறு திடீரென மூடிய தருணம் அங்கே பதிவாகியிருக்கக்கூடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குத் தண்டு குலையாமல் கிடந்தால், அதே பரப்பில் கிண்ணமும் இருக்கிறதா என்று பொறுமையாகத் தேடுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, முழந்தாள் பட்டை, மென்தூரிகை, மூடியுள்ள சிறு டப்பாக்கள், மெல்லிய தாள், பென்சில், குறிப்பேடு ஆகியவை போதும். சுத்தியல் அனுமதிக்கப்பட்ட இடத்தில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கிடைத்தது கடல் அல்லியின் துண்டுதான் என்று எப்படி உறுதிசெய்வது?

மூன்று அடையாளங்களைப் பாருங்கள். முதலாவது, வளையத்தின் நடுவிலுள்ள துளை. அது வட்டமாகவோ ஐந்து மடலாகவோ இருக்கலாம், களிமண்ணால் அடைபட்டும் இருக்கலாம். இரண்டாவது, வளையத்தின் தட்டையான முகத்தில் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் செல்லும் ஆரை வரிகள். அடுத்தடுத்த வளையங்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ள அவை உதவின. மூன்றாவது, உடைந்த முகத்தின் பளபளப்பு. ஒவ்வொரு தகடும் ஒரே கால்சைட் படிகமாக இருப்பதால், உடையும்போது சாய்ந்த, கண்ணாடி போல் மின்னும் தட்டையான முகங்கள் தோன்றுகின்றன. சுற்றியுள்ள பாறை மங்கலாக இருக்க ஒரு புள்ளி மட்டும் மின்னினால், அது பெரும்பாலும் ஏதோவொரு முட்தோலியின் தகடாகவே இருக்கும்.

தொடக்கநிலையினரைக் குழப்புபவை கூட்டமாக வாழ்ந்த நுண்ணிய கடல் விலங்குகளான கிளை வடிவப் பிரையோசோவாக்களும், கொம்புப் பவளங்களும், கணவாயின் உறவினர்களான, நேரான ஓடுடைய பழங்காலத் தலைக்காலிகளின் உட்குழலும் ஆகும். பிரையோசோவாவின் மேற்பரப்பில் ஊசிமுனை அளவுள்ள துளைகள் எண்ணற்றவையாக இருக்கும். கைவில்லையில் பார்த்தால் ஐயம் தீரும். வளையங்கள் கரைந்துபோய் உட்துளையும் இடைவெளிகளும் மட்டும் கல்லாக எஞ்சிய படிவங்கள் திருகாணியைப் போலத் தோன்றுவதால், இங்கிலாந்தின் டார்பிஷயரில் அவற்றைத் திருகுகள் என்றே அழைத்தார்கள். நார்தம்பர்லாந்தின் லிண்டிஸ்பார்ன் தீவில் இதே வளையங்கள் புனித கத்பர்ட்டின் மணிகள் என்றும், ஜெர்மனியில் புனித போனிஃபாசின் காசுகள் என்றும் பெயர் பெற்றன.

வளையத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியாது. இனங்கள் கிண்ணத்தின் தகடுகளையும் கைகளின் கிளைத்தலையும் வைத்தே பிரித்தறியப்படுகின்றன. வட்டமான சாதாரண வளையம் பல பேரினங்களுக்குப் பொதுவானது. ஒரே தண்டின் மேற்பகுதி வளையமும் கீழ்ப்பகுதி வளையமும் வேறுபட்டிருப்பதும் உண்டு. சில விதிவிலக்குகள் இருக்கின்றன. சின்சினாட்டிப் பகுதியில் ஐந்து முனைகளுடன் கூடிய தண்டு அயோகிரினசை நினைவூட்டும். சதுரத் தண்டு செனோகிரினசுக்கு உரியது. கிண்ணத் தகடுகளில் நட்சத்திரம் போல் விரியும் மேட்டு வரிகள் தெரிந்தால் கிளிப்டோகிரினசைக் கருதலாம். டார்செட் கடற்கரையின் பென்டாகிரினைட்டஸ் வளையங்கள் கூர்மையான ஐமுனை நட்சத்திரங்களாக இருப்பதால் எவரும் அடையாளம் காணலாம்.

பெயர் தெரியாத வளையத்துக்குப் "கடல் அல்லித் தண்டு வளையம், இனம் தெரியவில்லை" என்று எழுதுவதே நேர்மையான பெயர்ச்சீட்டு. எல்லாவற்றுக்கும் லத்தீன் பெயர் இருக்க வேண்டும் என்ற ஆசையால் எழுதப்படும் தவறான சீட்டுகள், பிற்காலத்தில் அத்தொகுப்பைக் கையாள்பவருக்குத் தரும் தொல்லை பெரிது.

பெயர்ச்சீட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

கிடைத்த இடம், பாறை அடுக்கின் பெயர், அந்த அடுக்கில் எந்த உயரத்தில் கிடைத்தது, நாள், எடுத்தவர் பெயர், பதிவெண். இடத்தை ஜி.பி.எஸ். எண்களாகவும் சொற்களாகவும் எழுதுங்கள். நான் இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. அழகான முழுக் கிண்ணம் ஒன்று சீட்டில்லாமல் இருந்தால் அது மேசை அலங்காரம் மட்டுமே. உடைந்த வளையம் ஒன்று, கிடைத்த அடுக்கு துல்லியமாகக் குறிக்கப்பட்டிருந்தால், ஆய்வாளர் ஒருவருக்குப் பயன்படும். சீட்டு தொலைந்தாலும் துண்டு அடையாளம் இழக்காதிருக்க, துண்டின் முக்கியமற்ற பக்கத்தில் பாராலாய்டு பி-72 பிசினை ஒரு துளி பூசி, உலர்ந்தபின் அதன்மேல் கறுப்பு மையால் பதிவெண்ணை எழுதி, மீண்டும் ஒரு பூச்சிடுவது அருங்காட்சியகங்களின் வழக்கம். அந்தப் பிசின் அசிட்டோனில் கரைவதால் வேண்டும்போது நீக்கிவிடலாம்.

எப்படிச் சுத்தம் செய்வது? வினிகர் பயன்படுத்தலாமா?

வினிகரையோ வேறு அமிலத்தையோ தொடவே வேண்டாம். படிவமும் கால்சைட்டே, அதைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கல்லும் கால்சைட்டே. அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். முகத்திலுள்ள ஆரை வரிகளும் கிண்ணத்தின் நுண்ணிய மேட்டு வரிகளும் முதலில் கரையும். தண்ணீரும் மென்மையான பல்துலக்கியும் பெரும்பாலான துண்டுகளுக்குப் போதும். களிப்பாறை ஒட்டியிருந்தால் சில முறை நனைத்து உலர்த்தினால் தானாகவே உதிரும். ஆனால் பாறையே கரைந்து உருவம் சிதறக்கூடிய துண்டை நனைக்கக்கூடாது. மரக்குச்சியும் ஊசியும் அடுத்த படி. காற்றழுத்தத்தில் சமையல் சோடாத்தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் கருவியைத் தேர்ந்தவரிடம் கற்றபின் வாங்கலாம். களிப்பாறையை நீக்கச் சிலர் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பயன்படுத்துகிறார்கள். அது தோலையும் கண்ணையும் அரித்துவிடும், வீட்டில் குழந்தைகள் இருப்பவர்களுக்கு ஏற்றதன்று. பாறையைத் தேய்க்கும் எந்த வேலையிலும் முகக்கவசம் வேண்டும். சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கும்.

உடைந்ததை ஒட்டவும் பாராலாய்டையே நான் பரிந்துரைப்பேன். நொடியில் ஒட்டும் பசை வலுவானதுதான், ஆனால் கோணம் தவறினால் திருத்துவது மிகக் கடினம்.

படமெடுக்க விலையுயர்ந்த கேமரா வேண்டுமா?

வேண்டியதில்லை. கைப்பேசியாலேயே நல்ல படம் எடுக்க முடியும், ஆனால் அதன் இயல்பான பழக்கம் ஒன்றைத் தவிர்க்க வேண்டும். துண்டுக்கு மிக அருகே கொண்டுசென்றதும் பல கைப்பேசிகள் தாமாகவே அகலக்கோண வில்லைக்கு மாறிவிடுகின்றன. அப்போது கைப்பேசியின் நிழல் துண்டின்மேல் விழுகிறது. அருகிலுள்ள பகுதி பெருத்தும் விளிம்புகள் இழுபட்டும் தோன்றுகின்றன. சற்றுப் பின்னே தள்ளிவைத்து, இரண்டு அல்லது மூன்று மடங்கு தொலைவில்லையைத் தேர்ந்து, சிறு தாங்கியில் பொருத்தி, நேர முடுக்கியில் எடுத்தால் வேறுபாடு உடனே தெரியும்.

கேமரா வாங்குவதானால், கேமராவின் உடற்பகுதிக்குச் செலவிடுவதை விடப் பொருளை அதன் உண்மை அளவிலேயே பதியும் மேக்ரோ வில்லைக்கும் அசையாத தாங்கிக்கும் செலவிடுங்கள். நுண் மேக்ரோவுக்குக் கைநடுக்கம் முதல் எதிரி.

ஒளியை எப்படி அமைப்பது?

இந்தப் பொழுதுபோக்கில் மிகுந்த கவனத்துக்குரிய கேள்வி இதுதான். கேமராவின் மேலுள்ள பிளாஷ் நேராக அடித்தால் நிழல்கள் மறைந்து, படிவம் பாறையோடு கலந்துவிடும். ஒளியைப் பக்கவாட்டில், மிகத் தாழ்வாக, மேசைக்கு 15 முதல் 30 பாகைக் கோணத்தில் வீச வேண்டும். அப்போது ஒவ்வொரு வளையத்தின் விளிம்பும், கிண்ணத் தகடுகளுக்கு இடையேயுள்ள பொருத்துகளும் எழுந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினால் நிழல்கள் முற்றிலும் கறுத்துவிடாமல் சிறிது நிரம்பும்.

முதன்மை ஒளி படத்தின் மேல் இடது மூலையிலிருந்து வர வேண்டும் என்பது தொல்லுயிரியல் நூல்களின் நெடுநாள் மரபு. அதற்குக் காரணம் நம் கண்ணிலேயே இருக்கிறது: ஒளி மேலிருந்து வருவதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. கீழிருந்து ஒளி வீசப்பட்ட படத்தில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். பாறையில் பதிந்த அச்சுப் பள்ளமா, எழுந்து நிற்கும் உண்மைப் படிவமா என்பதே குழம்பிவிடும். நல்ல படம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் இதை எவரும் உணரலாம். ஆகவே படத்தைத் திருத்தும்போது அழகுக்காகத் திருப்பிவிடக் கூடாது.

கால்சைட் முகங்கள் மின்னிப் படத்தைக் கெடுத்தால், விளக்கின் முன் ஒரு முனைவாக்கத் தாளையும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) வில்லையின் முன் ஒரு முனைவாக்க வடிகட்டியையும் வைத்து, வடிகட்டியை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் மினுக்கம் அறவே அடங்கி, பாறையின் நிறமும் படிவத்தின் நிறமும் பிரிந்து தெரியும். இதனால் மேடுபள்ளத்தின் உணர்வு சற்றுக் குறையும் என்பதால், வடிகட்டியுடன் ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு படங்கள் எடுத்துவைப்பது நல்லது.

கிண்ணத்தின் நடுப்பகுதி தெளிவாக இருந்தால் விளிம்பு மங்குகிறது. என்ன செய்வது?

மேக்ரோ அளவில் தெளிவு ஆழம், அதாவது ஒரே படத்தில் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம், மிகக் குறைவு. முழுச் சட்டக் கேமராவில் பொருளை உண்மை அளவில் பதியும்போது, எஃப் 8 துளையில் (எஃப் எண் கூடக்கூட வில்லையின் துளை சிறிதாகும்) கிடைக்கும் தெளிவு ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். துளையை எஃப் 22 வரை சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் ஒளிச்சிதறலால் படம் முழுவதும் மென்மையாகிவிடும். எனவே எஃப் 5.6 அல்லது எஃப் 8 இல் வைத்து, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, மென்பொருளால் அவற்றை ஒன்றாக அடுக்குவதே வழி. ஒவ்வொரு படிக்கும் தெளிவு ஆழத்தில் பாதியளவு மட்டும் நகர்த்தினால் இடைவெளி விழாது. ஹெலிகான் போகஸ், சிரீன் ஸ்டாக்கர் ஆகியவை இதற்காகவே உருவான மென்பொருள்கள். படங்களுக்கிடையே ஒளியோ துண்டோ அசையக்கூடாது.

தட்டையான பலகை முழுவதையும் எடுக்கும்போது அடுக்கல் தேவைப்படாது. கேமராவின் முகமும் பலகையின் முகமும் இணையாக இருந்தால் போதும். பலகையின் நடுவே சிறு கண்ணாடித் துண்டை வைத்து, அதில் வில்லையின் பிம்பம் படத்தின் மையத்தில் தெரியும்வரை சரிசெய்வது எளிய முறை.

துண்டை நனைத்துப் படமெடுக்கலாமா?

நனைத்தால் நிறவேறுபாடு கூடும், ஆனால் மேற்பரப்பின் நுணுக்கம் நீர்ப்படலத்துக்கடியில் மறையும். ஃபால்ஸ் ஆஃப் தி ஒஹாயோ போன்று எடுக்க அனுமதியில்லாத பாறைப்பரப்பில் சிறிது நீர் தெளித்தால், வெளிறிய பாறையில் தண்டுகளின் வடிவம் துலங்கும். ஆற்றின் நீர்மட்டம் பொதுவாகத் தாழ்ந்திருக்கும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான மாதங்கள் அதற்கு ஏற்றவை.

ஆய்விதழ்ப் படங்களில் படிவம் வெண்ணிறமாகத் தெரிவதற்குக் காரணம், அம்மோனியம் குளோரைடைச் சூடாக்கி அதன் புகையை மெல்லிய பூச்சாகப் படியவிடுவதே. நிறம் மறைந்து வடிவம் மட்டும் எஞ்சும். வேலை முடிந்ததும் கழுவிவிடலாம். அந்தப் புகை மூச்சுக்குழாயை உறுத்தும் என்பதால் புகைபோக்கி உள்ள ஆய்வகத்தில் மட்டுமே செய்யத்தக்கது. பூசுவதற்கு முன் இயல்பான நிறத்திலும் ஒரு படம் எடுத்தாக வேண்டும். அயோவாவின் லெ கிராண்டில் ஒரே பலகையில் உள்ள வெவ்வேறு இனங்கள் வெவ்வேறு நிறத்தில் இருப்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் இத்தகைய மிசிசிப்பியன் படிவங்களிலிருந்து கரிம மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்து, அவை இனத்துக்கு இனம் வேறுபடுவதைக் காட்டினார்கள். நிறமும் சான்றுதான்.

அளவுகோல் இல்லாத படம் பயனற்றதா?

ஆய்வுக்குப் பெரும்பாலும் பயனற்றதே. நாணயமோ பேனாவோ வைப்பதை விட, சென்டிமீட்டர் கோடிட்ட சிறு அளவுகோலைப் படிவத்தின் முகம் இருக்கும் அதே உயரத்தில் வையுங்கள். தாழ்வாக மேசைமீது வைத்தால் அளவு தவறாகும். பதிவெண் எழுதிய சிறு தாளும் சட்டத்துக்குள் இருக்கட்டும். களத்தில், பாறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே ஒரு படம் எடுத்தாக வேண்டும். தண்டு எந்தத் திசையில் சாய்ந்து கிடந்தது, எந்த முகம் மேல்நோக்கி இருந்தது, அருகில் வேறென்ன இருந்தது என்பவை, கையில் எடுத்த அந்த நொடியே இழக்கப்படும் தகவல்கள். கிண்ணத்தின் மேற்புறத்தில் பிளாட்டிசெரஸ் என்னும் நத்தையின் ஓடு ஒட்டியிருப்பதை இப்படித்தான் சிலர் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த நத்தைகள் கடல் அல்லியின் கழிவுத்துளையின்மேல் அமர்ந்து வாழ்ந்தன. சுத்தம் செய்கிறேன் என்று அதைப் பெயர்த்தெடுத்தால் அந்த உறவின் சான்று அழியும்.

விலைக்கு வாங்கலாமா? போலிகளை எப்படி அறிவது?

வாங்கலாம், ஆனால் எங்கு, எந்த அடுக்கில் கிடைத்தது என்று சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். முழுப் போலியை விட, பாதி உண்மையான துண்டுகளே அதிகம்: ஒரு விலங்கின் கிண்ணத்தை வேறொன்றின் தண்டோடு ஒட்டுவது, உடைந்த கையைப் பிசினால் வடித்துச் சேர்ப்பது, இரண்டு பலகைகளை இணைத்துக் கோட்டை மறைப்பது. மொராக்கோவின் எர்ஃபூத் பகுதியிலிருந்து வரும் சைபோகிரினைட்டஸ் பலகைகளில் இத்தகைய வேலை மிகுதி. புற ஊதா விளக்கில் பார்த்தால் பிசினும் பசையும் பெரும்பாலும் பாறையிலிருந்து வேறுபட்டு ஒளிரும். தண்டின் தடிமன் ஓரிடத்தில் திடீரென மாறுவதும் எச்சரிக்கையே.

முக்கியமான ஒன்று கிடைத்தால் யாரிடம் சொல்வது?

அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கோ, களத்தில் எடுத்த படங்களுடன் எழுதுங்கள். கடல் அல்லி ஆய்வே ஆர்வலர்களால் வளர்ந்த துறை. அயோவாவின் பர்லிங்டனில் மளிகைக்கடை நடத்திய சார்லஸ் வாக்ஸ்முத் உடல்நலத்துக்காக வெளியில் நடமாடும்படி மருத்துவர் சொன்னதால் பொறுக்கத் தொடங்கினார். அவருடைய முதல் தொகுப்பு ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. வழக்கறிஞரான பிராங்க் ஸ்பிரிங்கருடன் சேர்ந்து அவர் எழுதிய வட அமெரிக்கக் கடல் அல்லிகளைப் பற்றிய பெருநூல், அவர் மறைந்த மறு ஆண்டான 1897 இல் வெளிவந்தது. ஸ்பிரிங்கரின் தொகுப்பு இன்று ஸ்மித்சோனியனில் உள்ளது. லெ கிராண்டின் பலகைகளை உலகறியச் செய்த பி. எச். பீனும் உழவர்தான்.

பயணம் செய்ய வசதியில்லாதவர்கள் என்ன செய்யலாம்?

கட்டடங்களைப் பார்க்கலாம். இந்தியானாவின் சேலம் சுண்ணாம்புக்கல் அமெரிக்காவின் பல நீதிமன்றங்களுக்கும் நூலகங்களுக்கும், நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கும் முகப்பாக அமைந்திருக்கிறது. கடல் அல்லித் துகள்களைக் கைவில்லையில் அதன் பரப்பிலேயே காணலாம். மாலை வெயில் சுவரில் சாய்ந்து விழும்போது கைப்பேசியால் எடுத்த படமே போதும். ஜெர்மனிக்குச் செல்வோர் ஹோல்ட்ஸ்மாடனில் உள்ள ஹாஃப் அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம். ஏறத்தாழ 18 மீட்டர் நீளமும் 6 மீட்டர் உயரமும் கொண்ட சுமார் 18 கோடி ஆண்டுப் பழமையான பலகையில், மிதந்த மரத்தில் தொங்கியபடி வாழ்ந்த செய்ரோகிரினஸ் கூட்டம் முழுமையாக இருக்கிறது. அதை ஒரே படத்தில் அடக்க முயலாமல், இணையாக நகர்ந்து பகுதி பகுதியாக எடுத்துப் பின்னர் மென்பொருளால் ஒரே படமாக இணைப்பதே நல்லது.

தமிழ்நாட்டில் கிடைக்குமா?

கடல் அல்லிகள் செழித்த, பெர்மியன் முடிவு வரையிலான பேலியோசோயிக் காலத்துக் கடற்பாறைகள் தமிழ்நாட்டில் இல்லை. இந்தியாவில் அவற்றைக் காண ஸ்பிதி, காஷ்மீர் போன்ற இமயமலைப் பகுதிகளுக்குச் செல்ல வேண்டும். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் உள்ள, டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்துப் பாறைகள் சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகளுக்கும் சிப்பிகளுக்கும் கடல் முள்ளெலிகளுக்கும் புகழ்பெற்றவை. சாத்தனூர்க் கல்மரம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அங்கே எதையும் எடுக்கக்கூடாது. உயிருள்ள உறவினரைப் பார்க்க விரும்பினால் மன்னார் வளைகுடாவில் இறகு விண்மீன்கள் வாழ்கின்றன, ஆனால் அது கடல்வாழ் தேசியப் பூங்கா என்பதால் கேமராவைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

சேமித்து வைத்ததில் சில துண்டுகள் பொடியாக உதிர்கின்றன. ஏன்?

டார்செட்டின் பென்டாகிரினைட்டஸ் போன்ற, இரும்புக் கந்தகமான பைரைட் படிந்த துண்டுகளாக இருக்கும். ஈரக்காற்றில் பைரைட் சிதைந்து கந்தக அமிலமும் வெண்தூளும் உருவாகின்றன. கந்தக நெடியே முதல் அறிகுறி. அத்துண்டை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். அமிலம் பெயர்ச்சீட்டையும் அரிக்கும் என்பதால் சீட்டைத் தனி உறையில் இடுங்கள். தொடங்கிய சிதைவை முற்றிலும் நிறுத்துவது கடினம். ஆகவே பைரைட் துண்டு கைக்கு வந்த வாரத்திலேயே, எல்லாப் பக்கங்களிலிருந்தும், அளவுகோலுடன் படமெடுத்து, அந்தப் படங்களின் பெயரிலும் பதிவெண்ணைச் சேர்த்து, வேறொரு கணினி வட்டிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.